நெறி கட்டினால்

எங்கள் எதிர் குவார்ட்டர்ஸ் சோபியாவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். பேசத்தான் செய்கிறார்கள். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறவள், சொந்த மாமியார் உடம்பில் இருந்த கட்டி தெரியாமலா இருந்தாள் என்று ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே கேட்கிறார்கள். தெரியாமல்தான் இருந்தாள். நாள் தவறாமல் அந்த வீட்டுக்குப் போய்வந்த எனக்கும்தான் தெரியவில்லை. என்னை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

சோபியா பக்கத்து ஊரான வடக்குத்துப் பெண். அவள் அப்பா நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தே அவளைப் படிக்கவைத்தார். டாக்டராக வேண்டும் என்று உயிரை விட்டுப் படித்தாள், மார்க் போதவில்லை. விலங்கியல் படித்தாள். பெனடிக்டைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப்புக்கு வந்த பிறகு முன்னறையில் ஒரு கரும்பலகையை மாட்டி டியூஷன் ஆரம்பித்தாள். நீட் வந்ததும் கூட்டம் தாங்கவில்லை. "மிஸ் சொல்லிக் குடுத்தா, நம்ம உடம்புக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்கற மாதிரி இருக்கும்மா" என்பாள் என் மகள்.

ஆனால் அந்த வகுப்பில் முதல் மாணவி யார் என்றால் சோபியாவின் மாமியார் மார்த்தாள்தான். இரண்டாம் வகுப்பைத் தாண்டாத மனுஷி. கதவோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே காதைப் பலகையில் வைத்திருப்பாள். "ஏம்மா, அந்த மண்ணீரல் எதுக்குத்தான் இருக்குது?" என்று நடுவில் கேட்பாள். பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பார்கள். சோபியா சிரிக்கமாட்டாள், பரீட்சைக்குப் போகிறவளுக்குச் சொல்வதுபோல முழுசாகப் பதில் சொல்வாள். எனக்கு வயிறு வலித்தால் மார்த்தாள் அமுக்கிப் பார்த்து, "இது குடல்வால் இல்ல விஜி, அது வலது பக்கம். உனுக்கு வெறும் வாயு" என்று தீர்ப்பே சொல்லிவிடுவாள்.

2018 மார்ச்சில், தவக்கால நோன்பின்போது, புற்றுநோய்ப் பாடம் நடந்தது. மகளைக் கூட்டிப்போக நான் போயிருந்தேன். பிள்ளைகள் கலைந்ததும் மார்த்தாள் மெதுவாகக் கேட்டாள்.

"சோபியா, எங்க ஊர்ல அமிர்தம்னு ஒருத்தி. பாலு குடுக்கற எடத்துல கட்டி இருக்குதாம். அது அப்பிடியே இருக்குமா, வேற எங்கயாச்சும் போவுமா?"

மார்பு என்ற சொல் அவள் வாயில் வராது. கல்லீரல், கணையம் எல்லாம் வரும், அது வராது.

நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டியிருந்தும் சோபியா சாக்பீஸை எடுத்தாள். பெண் உடம்பை வரைந்து, கட்டியை வைத்து, அங்கிருந்து அக்குளுக்கு ஒரு கோடு, பிறகு நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"அக்குள்ல நெறி கட்டிக்கினு இருந்தா?"

"அப்ப முத்திப்போச்சுன்னு அர்த்தம், அத்தை. அவங்கள உடனே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

இரண்டாவது வாக்கியத்தையும் அவள் சொன்னாள். என் காதால் கேட்டேன். யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் வந்து சத்தியம் பண்ணுவேன். மார்த்தாளுக்குத்தான் முதல் வாக்கியத்தோடு காது அடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் கேள்வி கேட்பது குறைந்தது. பட்டுப்புடவையைத் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டாள். தவக்காலத்து தர்மம் என்று நினைத்துக்கொண்டோம். நாசமாய்ப் போன நினைப்பு!

ஆகஸ்டில், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்து போகும் கூட்டம் ரோட்டில் தென்பட ஆரம்பித்த நாளில், கொடிக்கயிற்றில் துணி காயப்போட அவளால் கையைத் தூக்க முடியவில்லை. "என்ன மார்த்தாம்மா, கை வரலியா?" என்று நான் பிடித்துத் தூக்கினேன். அலறிவிட்டாள். முந்தானையை விலக்கினால், ரவிக்கைக்குள் மடித்து வைத்த துண்டு சீழில் நனைந்திருந்தது. நான் போட்ட கூச்சலில் வகுப்பை விட்டு ஓடிவந்தாள் சோபியா. பார்த்தாள். அவளை உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, வைத்தியம் இருக்கு. ஆபரேஷன் இருக்கு. நெறி கட்டினாலும் பொழச்சவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. கிளம்புங்க அத்தை!"

"எனுக்கு ஆறுதல் சொல்லாதம்மா. முத்திப்போச்சுன்னு நீதான சொன்ன?"

"நான் சொன்னது தப்பு. தப்பா சொல்லிட்டேன், அத்தை."

"பரீட்சைக்குப் போற புள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுக்கறவளா நீ?" என்றாள் மார்த்தாள், உண்மையிலேயே கோபப்பட்டு.

சோபியா தலையில் அடித்துக்கொண்டு, மாமியார் காலைப் பிடித்து அழுதாள். ஷிப்ட் முடிந்து வந்த பெனடிக்ட் வாசலிலேயே மரமாக நின்றான். "அறிவு இருக்குதா உங்களுக்கு? அவ காலப் புடிச்சிக்கினு அழுவுறா, கல்லு மாதிரி உக்காந்துகினு இருக்கிறீங்களே!" என்று மார்த்தாளைப் பார்த்து நான்தான் கத்தினேன். மறுநாள் காரில் ஏற்றிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் சோபியா அவள் கையை விடவில்லை. இன்னும் பரவியிருக்கக் கூடாது, மாதாவே, இன்னும் பரவியிருக்கக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பரிசோதனை எல்லாம் முடிந்து கூப்பிட்டார்கள். பெனடிக்ட் உள்ளே வர மாட்டேன் என்று வராந்தாவில் நின்றுவிட்டான். டாக்டர் சின்னப் பெண். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுச் சோபியாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். சோபியாவின் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்க இருக்குன்னு எங்கிட்டயே சொல்லுங்க டாக்டர், எனுக்கும் வெளங்கும்" என்றாள் மார்த்தாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினாள். "நுரையீரலுக்குப் போயிருக்கும்மா. அக்குள்ல மட்டும் இருந்தப்ப வந்திருந்தாக்கூட குணப்படுத்தப் பாத்திருக்கலாம். ஏம்மா இத்தன நாள் வரல?"

மார்த்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். விரலைத் தன் மேல் வைத்து ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். "இங்க ஆரம்பிக்கும். அப்புறம் அக்குள்ல நெறி கட்டும். அப்புறம் நுரையீரல், கல்லீரல், எலும்பு. அக்குளுக்கு வந்துட்டாலே முத்திப்போச்சுன்னு அர்த்தங்க. அதுக்கப்புறம் வந்து உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

டாக்டர் ஸ்கேன் படத்தைக் கீழே வைத்தாள். "இதையெல்லாம் யாரும்மா சொன்னாங்க உங்களுக்கு?"

மார்த்தாளின் முகமெல்லாம் பூரிப்பு. சோபியாவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தோ, எங்க மருமவதாங்க. எம்மாதிரி மண்டைக்கே ஒரு வாட்டில ஏறிடும், அப்பிடிச் சொல்லிக் குடுக்கும்."