கூவ வந்தது, பேச வரவில்லை

தீர்த்தகிரியின் பேச்சு முதன்முதலாக மாட்டிக்கொண்டது ஒரு புதன்கிழமை காலையில், வண்டி பாலக்கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது. முன் இருக்கையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தார். சொல் பாதியில் நின்றது. உள்ளேயிருந்து யாரோ கழுத்தைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிப்பதுபோல் இருந்தது. சளி என்று நினைத்துத் தண்ணீர் குடித்தார். மாரண்டஅள்ளி வந்தது. படியில் நின்று "மாரண்டஅள்ளி மாரண்டஅள்ளி மாரண்டஅள்ளீ" என்று கூவினார். குரல் கணீரென்று வந்தது. சரியாகிவிட்டது என்று திரும்பி, "சில்லறை இருக்கா?" என்று கேட்டார். மறுபடி பிடித்துக்கொண்டது.

அதியமான்கோட்டைக்காரர். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தவறி, நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் ஒரு வருடம் நின்று, கிளீனராகப் பஸ் ஏறி, பிறகு நடத்துநர் உரிமம் எடுத்தவர். தருமபுரியிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் தனியார் வண்டியில் பதினெட்டு வருடம். முதலாளி சந்திரமோகன் ஒருவர்தான். தமிழில் ஏறி, தெலுங்கில் சண்டை போட்டு, கன்னடத்தில் இறங்கிப் போகிறவர்களை மூன்று மொழியிலும் சமாளிப்பார். இதைப் பெரிய திறமை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தடத்தில் எல்லா நடத்துநரும் செய்வதுதான். அவரிடம் தனியாகச் சொல்லும்படி இருந்தது ஒன்றே ஒன்று: ஓடிவருகிற ஆளைப் பார்த்துவிட்டால் விசில் ஊதமாட்டார்.

அதில்தான் முந்தைய நாள் வம்பு வந்தது. பாலக்கோட்டில் மூட்டையோடு ஓடிவந்த ஒரு கிழவருக்காக வண்டியை நிறுத்தி வைத்தார். பின்னால் வந்த போட்டி வண்டி முந்திக்கொண்டு, வழியெல்லாம் நின்ற ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது. மாலையில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் சந்திரமோகன் காத்திருந்தார்.

"ஏன்யா, பஸ்ஸு உங்கப்பன் வூட்டுதா? நின்னு நின்னு போறதுக்கு மாட்டு வண்டியா ஓட்டறன் நானு?"

நாற்பது பயணிகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். தீர்த்தகிரி ஒன்றும் பேசாமல் நின்றார். மறுநாள் காலை பேச்சு போனது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைதான் தள்ளியது என்று ஊரே சாட்சி சொல்லும். தீர்த்தகிரி விஷயத்திலும் அப்படித்தான் ஆயிற்று. வீம்பு என்றார் முதலாளி. மனைவி மாதம்மாள் அதையே கொஞ்சம் பரிவாகச் சொன்னாள்: "கோவத்த தொண்டயில வெச்சினு இருக்கற. அவரு மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்த சொல்லிட்டு வா, தானா தெறந்துக்கும்."

வசம்பு உரைத்து நாக்கில் தடவினாள். சுக்கும் பனைவெல்லமும் இடித்துக் கொடுத்தாள். ஓட்டுநர் ஜாவீத் தர்காவிலிருந்து ஒரு தாயத்து வாங்கிவந்து கட்டிவிட்டார். தொண்டையில் ஒன்றும் இல்லை என்று அரசு மருத்துவமனையில் கைகாட்டிய மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் நன்றாகத் தூக்கம் வந்தது. தூங்கி எழுந்தால் பேச்சு அப்படியே இருந்தது.

இந்த நோயின் கொடுமை வலியில் இல்லை, வலியே கிடையாது. அது எதை விட்டுவைத்தது என்பதில்தான் இருந்தது. ஊர்ப் பெயர்களைக் கூவ முடிந்தது. சிரிக்க முடிந்தது. குசுகுசுவென்று காதில் சொல்ல முடிந்தது. குறுக்கே வந்த ஆட்டோக்காரனை வாய்நிறையத் திட்டவும் முடிந்தது. சாதாரணமாக ஒரு மனிதனைப் பார்த்து "எங்கே போறீங்க?" என்று கேட்க மட்டும் முடியவில்லை.

"ஊருக்கே கேக்கற மாதிரி கூவற. எங்கிட்ட பேசறதுக்கு மட்டும் தொண்ட அடைக்குதா?" என்றார் சந்திரமோகன்.

"வீ... வீம்... பு இல்... லைங்க."

"பாரு, இதுகூட நடிப்புத்தான்."

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. பிறர் நம்பாதது பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னபோது, அவர்கள் சொல்வது உண்மையாக இருக்குமோ என்ற எண்ணம் அவருக்குள்ளும் புகுந்தது. உண்மையிலேயே முடியவில்லையா, அல்லது தனக்கே தெரியாமல் நடிக்கிறோமா? காலையில் கண்ணாடி முன் நின்று "என் பேரு தீர்த்தகிரி" என்று சொல்லிப் பார்ப்பார். வராது. "பாலக்கோடு பாலக்கோடு" என்பார். வரும். தன் சொல்லைத் தானே நம்ப முடியாத மனிதன் யாரிடம் போய் முறையிடுவான்?

வழி ஒன்றைக் கண்டுபிடித்தவர் ஜாவீத்.

"டேய் தீர்த்தம், கூவறப்ப வருதில்ல?"

தலையாட்டினார்.

"அப்ப எல்லாத்தயும் கூவிடேன். டிக்கெட்டு, சில்லறை, எல்லாத்தயும்."

"ஜ... ஜனங்க சிரிப்பாங்க பாய்."

"சிரிச்சினே டிக்கெட் வாங்கட்டும். உனக்கென்ன?"

மறுநாளிலிருந்து அவர் ஊர்ப்பெயர் கூவும் அதே ராகத்தில் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார். "அக்கா எங்க அக்கா எங்க, ஓசூரா ஓசூரா, உள்ளாற போங்க போங்க, பைய எடுங்க எடுங்க." முதல் நாள் பஸ்ஸே குலுங்கியது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. சிலர் அதே ராகத்தில் பதில் சொன்னார்கள். வேலை நடந்தது. தீர்த்தகிரி இரண்டு வருடத்தில் முதல்முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டார்.

காப்பாற்றிய அதே வழிதான் காலை வாரியது. கல்லூரிப் பெண் ஒருத்தி அதை வீடியோ எடுத்துப் போட, அது ஊரைச் சுற்றிவிட்டுப் போட்டி வண்டி முதலாளி மூலமாகவே சந்திரமோகனின் போனுக்கு வந்துசேர்ந்தது. கூடவே ஒரு வரி: உங்க வண்டியில கச்சேரி நல்லா நடக்குது.

"பேச வராதவனுக்குப் பாட்டு வருதா?" என்று கத்தினார் சந்திரமோகன். "இத்தன நாளு கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு. இனிமே இல்ல. சனிக்கிழம டிக்கெட் மெஷினக் குடுத்துட்டுப் போயிரு."

அன்று திங்கட்கிழமை.

வியாழக்கிழமை காலை மாரண்டஅள்ளியில் மருத்துவர் சமரீன் ஏறினார். தருமபுரியில் காது, மூக்கு, தொண்டைக்கு ஒரு சிறிய கிளினிக் வைத்திருக்கும் பெண்மணி. வழக்கமாக ஸ்கூட்டரில் போவார். அன்று அது பழுது. தீர்த்தகிரி ராகத்தோடு டிக்கெட் கேட்டார். சமரீன் சிரிக்கவில்லை. நடத்துநர் பாடுவதையும், ஜாவீத்திடம் ஏதோ சொல்லத் திணறுவதையும் பாலக்கோடு வரைக்கும் கவனித்துக்கொண்டே வந்தார். கூட்டம் இறங்கியதும் கூப்பிட்டார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கலாமா? நான் தொண்டை டாக்டர். காதுக்குள்ள ரகசியமா சொன்னா வருதா உங்களுக்கு?"

தீர்த்தகிரி அவரைப் பார்த்தார். தலையாட்டினார்.

"சிரிக்கறப்ப தடையில்லாம வருதா?"

தலையாட்டினார்.

"போன்ல பேசினா இன்னும் மோசமா இருக்கா?"

தீர்த்தகிரி காலி இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். "உ... உங்... களுக்கு யா... ரு சொன்னது?"

"யாரும் சொல்லல அண்ணா. இது ஒரு நோய். நெறைய பேருக்கு இல்ல, ஆனா இருக்கு. புஸ்தகத்துல பேரு இருக்கு, வைத்தியமும் இருக்கு."

உனக்கு நோய் இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் அதிகம் இருக்கமாட்டார்கள். அன்று அந்தப் பஸ்ஸில் ஒருவர் இருந்தார்.

மாதம்மாளிடம் காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னார். அவள் தன் கையைப் பார்த்தாள். இரண்டு வருடமாக வசம்பு உரைத்த கை அது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நேராகச் சந்திரமோகன் வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்கு சாயங்காலம் டாக்டரு கேமரா வுட்டுப் பாக்கறாங்களாம். நீங்களும் வாங்க. பொய்யின்னு தெரிஞ்சா சனிக்கிழம வரைக்கும் எதுக்கு, நானே மெஷினக் கொண்டாந்து குடுக்கறன்."

சந்திரமோகன் வந்தார். வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சின்ன அறையில் அவர் ஒரு பக்கம், மாதம்மாளும் ஜாவீத்தும் மறுபக்கம், நடுவில் நாற்காலியில் தீர்த்தகிரி. மூக்குக்கு மரத்துப்போகும் மருந்து அடித்து, சேமியா கனத்தில் ஒரு குழாயைச் சமரீன் மெல்ல உள்ளே விட்டார். திரையில் ஈரச் சிவப்பாக ஒரு குகை தெரிந்தது. அதன் அடியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், மூச்சுக்கு மூச்சு விரிந்து சேர்ந்துகொண்டிருந்தன.

"இதுதான் குரல் நாண். இது ரெண்டும் லேசா சேரணும், காத்து அது வழியா அதிர்ந்து போகணும். அதுதான் குரல். அண்ணா, ஊர்ப்பேரு கூவுங்க."

"பாலக்கோடு பாலக்கோடு பாலக்கோடு."

பட்டைகள் தொட்டும் விலகியும் ஒழுங்காக அதிர்ந்தன.

"இப்ப உங்க பேரச் சொல்லுங்க."

"எ... என் பே..." பட்டைகள் பூட்டுப்போட்டதுபோல் இறுக மூடிக்கொண்டன. திறந்தன. மறுபடி மூடின.

"இந்தத் தசைங்களுக்கு உத்தரவு மூளையிலேருந்து நரம்பு வழியா வருது," என்றார் சமரீன். "அந்த நரம்பு வர்ற தடம் வேடிக்கையா இருக்கும். தலையிலேருந்து எறங்கி, தொண்டையத் தாண்டி நெஞ்சு வரைக்கும் போய், அங்க பெரிய ரத்தக்குழாயச் சுத்திக்கிட்டு மறுபடி மேல ஏறி தொண்டைக்கு வருது."

"பக்கத்துல இருக்கற அதியமான்கோட்டைக்குப் போறவன் சேலம் போய்த் திரும்பி வர்ற மாதிரி," என்றார் ஜாவீத்.

"அதேதான். ஆனா அந்த ரோட்டுல பழுது இல்ல. உத்தரவு கெளம்பற எடத்துலதான் குழப்பம். பேசறதுக்கு மூளை ஒரு ஏற்பாடு வெச்சிருக்கு, பாடறதுக்கும் சிரிக்கறதுக்கும் வேற ஏற்பாடு. இவருக்குப் பேசற ஏற்பாடு மட்டும் கெட்டுப்போச்சு. தேவையில்லாத நேரத்துல தசைய இறுக்குன்னு சொல்லுது."

ஜாவீத் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரு ஒரே நேரத்துக்கு ரெண்டு வண்டிய எடுக்கச் சொல்லிட்டா, ரெண்டும் வாசல்ல முட்டினு நிக்கும். வண்டி மேல தப்பில்ல, டிரைவரு மேலயும் தப்பில்ல."

"எனக்கு இது தோணலயே," என்றார் சமரீன்.

சந்திரமோகன் திரைக்குப் பக்கத்தில் வந்தார். திரையில் பார்ப்பதை எல்லாம் நம்பிவிடுகிற ஆள் இல்லை அவர். சட்டென்று குனிந்து, பஸ் ஸ்டாண்டில் திட்டிய அதே குரலில் கேட்டார்:

"தீர்த்தகிரி, உண்மையச் சொல்லு. வீம்புக்குத்தான செஞ்ச?"

தீர்த்தகிரி யோசிக்கவில்லை. இல்லை என்று சொல்லப் போனார். சொல் உதட்டுக்கு வருவதற்கு முன்பே திரையில் இரண்டு பட்டைகளும் அறைந்து மூடின. காற்று அடியில் முட்டியது, பட்டைகள் துடித்தன. எவ்வளவு தேர்ந்த நடிகனுக்கும் அந்த இடத்தில் நடிக்கத் தெரியாது. பிறகு ஒரு இடுக்கு வழியாக "இல்... லைங்க" என்று வந்தது.

அதை மற்றவர்கள் சந்திரமோகனுக்கான பதிலாகப் பார்த்தார்கள். தீர்த்தகிரி தனக்கான பதிலாகப் பார்த்தார். சொல்ல நினைத்தவன் வேறு, பூட்டுப் போட்டது வேறு. தான் நினைத்ததைத்தான் சொல்லப் போனோம். கண்ணாடி இரண்டு வருடம் காட்டாததை அந்தத் திரை ஒரு நொடியில் காட்டிவிட்டது. மூக்கில் குழாயோடு அழுவது வசதியான காரியமில்லை. இருந்தாலும் கண்ணில் நீர் வந்தது.

சந்திரமோகன் சுவரோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஊசியோ என்னமோ, போட்டுனு வரச் சொல்லுங்க டாக்டர். அதுவரைக்கும் வேற ஆள வெச்சிக்கறன். எடம் இவருதுதான்," என்றார். "இவன்" எப்போது "இவர்" ஆனான் என்பது மாதம்மாளுக்கு மட்டும் காதில் விழுந்தது.

சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் கழுத்து வழியாக அந்தத் தசைக்குள்ளேயே ஊசி போட்டார்கள். தசையை அளவாகத் தளர்த்துகிற மருந்து. மூளை இறுக்கச் சொன்னாலும் தசை அவ்வளவாக இறுகாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். இது தீர்வு இல்லை, ஓர் ஒப்பந்தம் என்று சமரீன் முன்பே சொல்லியிருந்தார். முதல் பத்து நாள் வெறும் காற்றாகத்தான் குரல் வந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. "இருந்ததும் போச்சா?" என்று மாதம்மாள் பயந்தாள். பதினோராம் நாள் காலை, அடுப்படியில் நின்றவளிடம், "மாதம்மா, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குது," என்றார். சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றார். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து, "இன்னொரு தடவ சொல்லு," என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக, சமையலில் குறை கேட்டு மகிழ்ந்தாள்.

அடுத்து வந்த திங்கட்கிழமை, ஊசிக்குப் பிறகு அவருடைய முதல் நடை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வண்டி நிறைந்துவிட்டது. சந்திரமோகனே வந்து படியருகில் நின்றார்.

"எங்க, பேசு பாப்பம்."

தீர்த்தகிரி டிக்கெட் மெஷினைத் தோளில் மாட்டினார். ஜன்னல்களில் முகங்கள் திரும்பின.

"ரெண்டு வருசமா எல்லாரும், உங்க மேல கோவத்துலதான் எனக்குப் பேச்சு போச்சுன்னு சொன்னாங்க மொதலாளி. அது இல்லீங்க. நோவு வேற, கோவம் வேற. நோவு ஊசியில அடங்கிருச்சு. கோவம் அப்படியே இருக்குதுங்க. அந்தக் கெழவரு மூட்டயத் தூக்கினு ஓடியாந்தாரு, நிறுத்துனன். நாளைக்கும் நிறுத்துவன். அதுக்கு அத்தன பேரு முன்னாடி எங்கப்பன இழுத்துத் திட்டுனது தப்புங்க."

குரல் கொஞ்சம் கரகரத்தது. ஒரு சொல்கூட உடையவில்லை. சந்திரமோகனின் முகம் சிவந்தது. அவர் ஜன்னல்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"தப்புத்தான்யா," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஏறு. நேரமாச்சு."

ஜாவீத் கியரைப் போட்டார். பாலக்கோடு வரும்வரை தீர்த்தகிரி வாயை மூடவில்லை. தேவையில்லாதவர்களிடமெல்லாம் எங்கே போகிறீர்கள், பையன் என்ன படிக்கிறான், தக்காளி எப்படிப் போகிறது என்று கேட்டார். டிக்கெட் எடுத்தவரிடமே மறுபடி டிக்கெட் கேட்டார்.

ஜாவீத் கண்ணாடியில் பார்த்தபடி சொன்னார்: "அடுத்த தடவ டாக்டரம்மாகிட்ட நானும் வர்றன்டா. மருந்தக் கொஞ்சம் கொறச்சிப் போடச் சொல்லணும்."