கிளியின் தலைவலி

தீனிக் கிண்ணத்தை உதட்டருகே வைத்து மாமா ஒரு ஊது ஊதுகிறார். கிளிகள் தின்று கழித்த தினை உமி கிளம்பி அவருடைய மூக்கு, மீசை, புருவம் எல்லாவற்றிலும் படிகிறது. உமி போனால் அடியில் முழு மணிகள் கிடைக்கும். அவற்றைக் கொட்ட அவருக்கு மனம் வராது. அடுத்த கிண்ணம், அடுத்த ஊது. பல் துலக்குவதற்கு முன்பே இது நடந்துவிடும். பிறகு கூண்டின் தட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் எச்சத்தைச் சுரண்டித் துடைப்பத்தால் தள்ளுவார். சன்னல் வெளிச்சத்தில் தூசி மிதக்கும். அதன் நடுவே நின்றுகொண்டு, "காலங்காத்தால இந்தக் காத்துதான்மா உடம்புக்கு நல்லது" என்பார்.

மாமா என் அம்மாவின் தம்பி. பூட்டு பழுதுபார்ப்பதும் சாவி வெட்டுவதும் தொழில். கடைவீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் முக்கோண இடம்தான் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். "எப்பேர்ப்பட்ட ஆபீசரா இருந்தாலும் என் கடையில குனிஞ்சுதான் நிக்கணும்" என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. ஊரார் வீட்டுக்கெல்லாம் பூட்டு போடுகிறவர் தன் கூண்டுகளுக்குப் போட்டிருப்பது துணி காயப்போடும் கிளிப். "போறவன் போகட்டும். இதுவரைக்கும் எவனும் போகலையே."

சமையலறையை ஒட்டிய சிறிய அறை முழுவதும் கூண்டுகள். பச்சையும் நீலமுமாக லவ் பேர்ட்ஸ். எல்லாவற்றுக்கும் மேலே தனிக்கூண்டில் கொண்டை வைத்த சாம்பல் கிளி ஒன்று. அதன் பெயர் மேனேஜர். "ஒரு வேலையும் செய்யாது. மேல உக்காந்துக்கிட்டு எல்லாரையும் பாத்துக்கிட்டே இருக்கும். வேற என்ன பேரு வெக்கிறது?" என்று கேட்பார். மாமா சூரியகாந்தி விதையை உதட்டில் கவ்விக்கொண்டு முகத்தை நீட்டுவார். மேனேஜர் அதை அலகால் பறித்துக்கொள்ளும்.

"அதுதான் உங்க மாமாவோட ரெண்டாவது குடும்பம். முதல் குடும்பத்துக்கு இப்படி ஒருநாளாவது ஊட்டியிருக்காரான்னு கேளு" என்பாள் அத்தை. மாமா கேட்காததுபோல் விதையைத் தேடுவார்.

சில வாரங்களுக்கு முன் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே வறட்டு இருமல். அத்தையின் நச்சரிப்புத் தாங்காமல் மருத்துவமனைக்குப் போனார், ஆனால் தனியாக. "உங்கத்தை வந்தா அங்க போயி வாயத் தொறப்பா" என்று என்னிடம் காரணம் சொன்னார். வீட்டில் பறவை ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இல்லை என்று மாமா சொல்லியிருக்கிறார். என்ன தொழில் என்றதற்குச் சாவி வெட்டும் இயந்திரத்தையும் அதிலிருந்து பறக்கும் பித்தளைத் தூளையும் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறார். காரணம் அகப்பட்ட மகிழ்ச்சியில் டாக்டர், கடையை மூடிவிட்டு வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்.

மாமா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டாக்டர் சொன்னதை அப்படியே கேட்டார். பாயை எடுத்துப்போய்க் கிளி அறையில் விரித்துக்கொண்டு, நாள் முழுவதும் ஓய்வெடுத்தார். எவ்வளவு ஒழுங்காக ஓய்வெடுத்தாரோ அவ்வளவு மோசமானது உடம்பு.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் மாத்திரை அட்டை முதல் மின்கட்டணச் சீட்டு வரை எது வந்தாலும், "படிச்ச புள்ள, பாத்துச் சொல்லு" என்று என்னிடம்தான் நீட்டுவார்கள். நான் படித்தது கணக்குப்பதிவியல். காய்ச்சலுக்கும் கிளிக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதை நானும் எல்லாரையும்போலப் போனில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவரிடம் சொன்னேன்.

"கிளிகிட்டேருந்து மனுசனுக்கு ஒட்டும் மாமா."

"அது இந்த ரூமை விட்டு வெளிய போனதே இல்ல. அதுக்கு எங்கேருந்து வரும்? ஊரெல்லாம் சுத்தறவன் நானு. ஒட்டினா எங்கிட்டேருந்துதான் அதுக்கு ஒட்டணும்."

வாதம் என்ற அளவில் அதில் எனக்குக் குறை தெரியவில்லை. பட்டம் எதற்கு உதவுகிறது என்று எனக்கு அவ்வப்போது வரும் சந்தேகம் அன்றும் வந்தது.

மறுநாள் மேனேஜர் சிறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. விதை நீட்டியும் வரவில்லை. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஒட்டிவிட்டுட்டேன் பாத்தியா" என்றார். தன் காய்ச்சலுக்கு நாள்கணக்கில் யோசித்தவர், துண்டால் மூடிய கூண்டோடு உடனே கால்நடை மருத்துவமனைக்குப் புறப்பட்டார். வழியில் விழுந்துவிடுவாரோ என்று நானும் போனேன்.

"என்ன பண்ணுது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

தன்னிடமிருந்து தொற்றிய நோய்க்குத் தன்னிடம் இருக்கும் அறிகுறிகள்தானே இருக்கும்? மாமா நிதானமாகச் சொன்னார்: "காய்ச்சலுங்க. சாயங்காலமானா ஏறுது. வறட்டு இருமல். தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. படியேறினா மூச்சு வாங்குது."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "கிளி படியேறுதா?"

மாமா கூண்டின் மேல் துண்டை இழுத்துச் சரிசெய்தார்.

"தலைவலிக்குதுன்னு அதுவே சொல்லுச்சா?"

"வளத்தவனுக்குத் தெரியாதுங்களா?"

அவர் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "இந்தச் சூட்டோடயா கிளம்பி வந்தீங்க? கூண்டை யாரு சுத்தம் பண்றது? தண்ணி தெளிச்சுட்டா, காஞ்ச மேனிக்கா?"

உமி ஊதுவதுவரை எல்லாவற்றையும் மாமா பெருமையாகவே சொன்னார். கேட்டு முடித்த டாக்டரம்மா, "டெஸ்ட் பண்ணிட்டுத்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா அது உங்ககிட்டேருந்து வாங்கியிருக்காது. நீங்கதான் அதுகிட்டேருந்து வாங்கியிருக்கீங்க. காஞ்ச எச்சத்தோட தூசியிலதான் கிருமி இருக்கும். நேரா உங்க டாக்டர்கிட்ட போய், கிளி வளக்கிறேன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க" என்றார்.

பயப்படுவார் என்று நினைத்தேன். படியிறங்கும்போது, மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்போ அதுக்கு நான் ஒண்ணும் பண்ணல" என்றார். அப்படியொரு நிம்மதி.

டாக்டரின் அறையில் நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. "வீட்ல கிளி இருக்குங்க. அன்னிக்குப் பொய் சொன்னேன். என்ன மருந்து வேணாலும் எழுதுங்க. தூக்கிக் குடுத்துடுன்னு மட்டும் சொல்லாதீங்க."

டாக்டர் நுரையீரல் படத்தை விளக்கு முன் வைத்துக் காட்டினார். "குடுக்க வேணாம். மருந்துக்குக் கேக்கும். ஆனா அந்த ரூம் பக்கம் போகக் கூடாது. மறுபடி அந்தத் தூசி உள்ள போச்சுன்னா இந்த நுரையீரல் தாங்காதுய்யா."

பரிசோதனையில் இருவருக்கும் ஒரே நோய் என்று தெரிந்தது. மாமா மாத்திரையில் தேறிவந்தார். கிளிக்கு ஒன்றரை மாதத்துக்குச் சொட்டு மருந்து. இரண்டாவது குடும்பத்தின் பொறுப்பு முதல் குடும்பத்திடம் வந்தது. அத்தை கையுறையும் முகக்கவசமும் மாட்டி, தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் கூண்டுகளைத் துடைத்தாள். தீனி வைத்தாள். ஆனால் அவள் மருந்தை நீட்டினால் மேனேஜர் அலகைத் திறக்காது; கட்டாயப்படுத்தினால் கடிக்கும். "மூக்கப் பாரு, முழியப் பாரு. எசமானனுக்கு ஏத்த கிளி" என்று விரலை உதறிக்கொண்டு வெளியே வந்தாள். மருந்து இறங்காமல் அது மேலும் சுருண்டது.

கடைசியில் டாக்டரிடம் கெஞ்சி மாமா ஒரு சலுகை வாங்கினார்: மருந்து கொடுக்கிற நேரம் மட்டும், இறுக்கமான முகக்கவசத்தோடு உள்ளே போகலாம்.

அன்று நான் சன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். மூக்கும் வாயும் இல்லாத ஓர் ஆள் வருவதைக் கண்ட மேனேஜர் அலறிச் சிறகடித்தது. "நான்தான்டா" என்றார் மாமா. குரல் துணிக்குள் அமுங்கிப்போனது. கிளி மூலையில் ஒடுங்கி, முதுகைக் காட்டிக்கொண்டது. கையில் மருந்தோடு அவர் சற்று நேரம் நின்றார். அத்தை சமையலறையில் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு மார்பு நிறைய மூச்சை இழுத்து, அதை அப்படியே அடக்கிக்கொண்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்.

உப்பிய கன்னங்களோடு, பேசாமல், முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். கிளி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மறு கண்ணால். மெல்ல நகர்ந்து கம்பியருகே வந்து அலகைத் திறந்தது. முதல் சொட்டு. மாமாவின் கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கட்டியது. அடுத்த சொட்டுக்கு அது எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் அவர் மூச்சு விடவில்லை.