விசில் மட்டும்தான் என் கையில்

விளையாட்டு விழாவுக்கு நடுவராகப் போகிறவர் வண்டியை, தப்பி ஓட வசதியாக, ஊரைவிட்டு வெளியே போகிற பக்கம் பார்த்த மாதிரி நிறுத்த வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. டீச்சர். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் என் பீரியடைக் கணக்கு சார் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்போது யாருக்கும் நான் தேவையில்லை. பொங்கல், சுதந்திர தினம், கோயில் திருவிழா, மகளிர் தினம் என்று ஏதாவது வந்துவிட்டால் போதும், சுற்றுவட்டாரம் முழுக்க என் ஞாபகம் வந்துவிடும். 'அனைவரும் குடும்பத்தோடு வருக' என்று ஃபிளெக்ஸ் அடிப்பார்கள். அதற்குக் கீழே நடுவர் என்று என் பெயரைப் போடுவார்கள். என்னைக் கேட்பது அதற்கப்புறம்தான்.

உங்களில் யாராவது ஒரு கோலப்போட்டிக்கோ பாட்டுப்போட்டிக்கோ, குறைந்தபட்சம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கேரம்போர்டுக்காவது நடுவராக இருந்திருந்தால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

ஆடு கொடுத்த மார்க்

திருமயம் பக்கம் ஒரு ஊரில் பொங்கலன்று கோலப்போட்டி. என்னோடு இன்னும் இரண்டு நடுவர்கள். ஒருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் வார்டு மெம்பர். இருவரும் விழாக் குழுத் தலைவர் வீட்டில் காபி குடிக்கப் போனார்கள். அது சாப்பாட்டோடு சேர்ந்த காபி போலிருக்கிறது, நான் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி முடித்த பிறகும் அவர்கள் வரவில்லை.

சித்ரா என்ற பெண் போட்டிருந்த மயில்தான் அன்றைக்குக் கண்ணைப் பறித்தது. தோகை முழுக்கச் செவ்வந்தி இதழும் துவரம்பருப்புமாகக் கண் கண்ணாக வைத்திருந்தாள். நான் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்த் திரும்பினால், மயில் கோழியாகிக் கிடந்தது. தோகையை ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பஞ்சவர்ணத்தின் ஆடு. பஞ்சவர்ணமும் போட்டியில் இருந்தார். "வேணும்னே அவுத்து விட்டுருக்காங்க டீச்சர்" என்று சித்ரா அழ, "கயித்த அத்துக்கிட்டு வந்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று பஞ்சவர்ணம் கத்த, அந்தச் சத்தத்தில் காபி முடிந்து மற்ற நடுவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

"இப்ப என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க். தோகை இல்லாத மயிலுக்கு எப்படிக் குடுக்க முடியும்?" என்றார் வங்கிக்காரர். நான் போனை நீட்டினேன். "அடடே, இவ்வளவு நல்லாவா இருந்துச்சு!" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். முதல் பரிசு சித்ராவுக்குப் போனது. இரண்டாம் பரிசுக்கான குடத்தை வாங்க வந்த பஞ்சவர்ணம், மைக் இருப்பது தெரிந்தோ தெரியாமலோ, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "எங்க ஆட்டுக்கும் ஒரு ஆறுதல் பரிசு குடுங்க டீச்சர். கோலத்தக் கிட்டப் போயி பாத்தது நீங்களும் அதுவுந்தான்."

கீழே விழாத எலுமிச்சை

எலுமிச்சை – கரண்டி ஓட்டம் நடத்தியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எல்லாப் பிள்ளைகளும் பூனை மாதிரி நடந்துவர, ஒரு பையன் மட்டும் கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு நாலு கால் பாய்ச்சலில் வந்தான். எல்லைக்கோட்டைத் தாண்டி, தலையைக் குனிந்து மூச்சு வாங்கினான். கரண்டி தலைகீழாகத் தொங்கியது. பழம் அசையவில்லை. "தம்பி, இது எப்படிடா விழாம இருக்கு?" என்று கேட்டேன். கூட்டத்திலிருந்து அவன் அம்மா கண்ணால் என்னென்னவோ ஜாடை காட்டினார். பையன் அதைக் கவனிக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் பளிச்சென்று சொன்னான்: "பபிள்கம் வச்சிருக்கு டீச்சர். எங்கம்மாதான் மென்னு குடுத்தாங்க."

தலைவர்களும் நாற்காலியும்

எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் இசை நாற்காலி நடத்தப் போயிருந்தேன். பிள்ளைகளுக்கு நடத்தி முடித்ததும், பெரியவர்களுக்கும் ஒன்று வைக்கலாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். முன்னாள் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து இந்நாள் தலைவரும் எழுந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு தேர்தல் காலம் ஆகிறது. மற்றவர்களெல்லாம் மரியாதைக்காக ஒவ்வொருவராகத் தோற்றுக் கழன்றுகொள்ள, கடைசியில் அவர்கள் இருவரும் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மிஞ்சினார்கள்.

பாட்டு ஓடியது. இருவரும் சுற்றினார்கள். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அப்போதும் சுற்றினார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, இருவருக்கும் வேட்டி நனைந்துவிட்டது, பாட்டு நிற்கிற வழியாக இல்லை. நான் மைக்செட் போடும் முருகேசனிடம் ஓடினேன். "நிறுத்துங்கண்ணே, மயக்கம் போட்டுறப் போறாங்க!" அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் எப்ப நிறுத்துனாலும் ஒருத்தரு தோப்பாரு. தோத்தவரு தெருவுல நான் இனிமே கொழாய் ஸ்பீக்கர் கட்ட முடியுமா? நீங்க வேணா நிறுத்துங்க." நீங்களாக இருந்தால் நிறுத்தியிருப்பீர்களா? நானும் நிறுத்தவில்லை.

எங்கள் இருவரையும் மின்சாரம்தான் காப்பாற்றியது. பட்டென்று கரண்ட் போனது. தலைவர்கள் இருவரும் ஒரே சமயத்தில், ஆளுக்கொரு பக்கமாக நாற்காலியில் விழுந்தார்கள். அது நாலு காலையும் நாலு திசைக்கு நீட்டிவிட்டது. தரையில் உட்கார்ந்தபடியே இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். கை கொடுத்துத் தூக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டார்கள். முதலில் எழுந்தவர் தோற்றவர் என்று ஆகிவிடுமாம். "ரெண்டு பேருக்குமே முதல் பரிசு, எந்திரிங்கய்யா" என்று நான் கெஞ்சினேன். முன்னாள் தலைவர் இந்நாள் தலைவரைக் கைகாட்டிச் சொன்னார்: "மொதல்ல அவரு எந்திரிக்கட்டும் டீச்சர், பின்னாடியே நானும் எந்திரிக்கிறேன்."

இடுப்பு வலி

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த சில இளைஞர்கள் ஒரு ஊரில் புதுமையாகச் செய்கிறோம் என்று கயிறு இழுக்கும் போட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் மாமியார்கள், மறுபக்கம் மருமகள்கள். "வேண்டாம்ப்பா, கல்யாணமானவங்க, கல்யாணமாகாதவங்கன்னு பிரிச்சுக்குவோம்" என்று சொல்லிப் பார்த்தேன். லீவு முடிந்து விமானம் ஏறப் போகிறவர்களுக்கு அந்தக் கவலை எதற்கு?

நான் விசில் ஊதியதும் மாமியார் அணி ஒரு இழு இழுத்தது. மருமகள்கள் வரிசையாக வந்து எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றார்கள். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை, ஒருத்தியின் கொண்டைப்பூகூட அசையவில்லை. ஜெயித்தவர்கள் சந்தோஷப்பட்டிருக்கலாம். ராக்கம்மா என்பவர் மட்டும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "இது இழுத்த மாதிரியே இல்லையே டீச்சர். விட்டுக் குடுத்துருக்காளுங்க. எங்களுக்கு என்ன பிச்சையா போடுறாளுங்க? மறுபடி வைங்க." அவருடைய மருமகள் கவிதா என் காதோரம் வந்து, "வேணாம் டீச்சர், முடிச்சு விட்டுருங்க" என்றாள். அதையும் ராக்கம்மா கேட்டுவிட்டார். "நெசமா இழுக்கலேன்னா இன்னைக்கு வீட்டுல சோறு கெடையாது" என்று எல்லோர் சார்பிலும் அறிவித்தார்.

இரண்டாவது தடவை விசில் ஊதினேன். கவிதா காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு பல்லைக் கடித்தாள். அடுத்த நொடி மாமியார் அணி மொத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக மணலில் கிடந்தது. கயிற்றைப் பிடித்தபடி கவிதா வெளிறிப்போய் நின்றாள். மேலே கிடந்த இரண்டு பேரைத் தள்ளிவிட்டு, தலையெல்லாம் மண்ணாக ராக்கம்மா எழுந்து உட்கார்ந்தார். மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏன்டி, இம்புட்டுப் பெலத்த வச்சுக்கிட்டா காலையில தண்ணிக்கொடம் தூக்க இடுப்பு வலிக்குதுன்ன?"

கடற்கரை சுத்தமான கதை

மீமிசல் பக்கம் கடற்கரையைச் சுத்தம் செய்ய ஒரு சங்கத்தார் குடும்ப விழா வைத்தார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி. அணி பிரித்து, அதிகக் குப்பை பொறுக்குகிற குடும்பத்துக்குப் பரிசு. நடுவர், சொல்லவே வேண்டாம், நான்தான்.

உண்மையைச் சொல்ல வேண்டும், ஜனங்கள் உற்சாகமாகவே வேலை செய்தார்கள். பாட்டில், பாலிதீன் பை, அறுந்த வலை என்று பொறுக்கிச் சாக்குச் சாக்காகக் கட்டிவைத்தார்கள். ஊராட்சி டிராக்டர் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. கடற்கரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. இறங்கியவர் கையுறையை மாட்டிக்கொண்டு, "எங்கே குப்பை?" என்று கேட்டார். போட்டோ எடுப்பவரும் கேமராவோடு தயாராக இருந்தார். சங்கச் செயலாளருக்கு முகம் செத்துவிட்டது. உடனே ஒருவர் பைக்கில் பறந்துபோய் டிராக்டரை மறித்துத் திருப்பிக்கொண்டு வந்தார். சாக்குகளை அவிழ்த்து, நாங்கள் காலையிலிருந்து குனிந்து பொறுக்கியதை மறுபடி மணலில் பரப்பினார்கள். "கொஞ்சம் இயற்கையா இருக்கட்டும்" என்று செயலாளர் காலால் தள்ளி இடைவெளி விட்டார்.

பக்கத்தில் ஒரு அம்மாள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். பொறுக்கியது, கட்டியது, ஏற்றியது, இறக்கியது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், மனசு கேட்காமல் எழுந்து என்னிடம் வந்தார். உண்மையான அக்கறையோடு கேட்டார்: "ஏந்தாயி, கட்டுன குப்பைய அவுத்துக் கொட்டித் தேடுறீங்களே, நகை எதையும் தொலைச்சிட்டீங்களா?"

எந்த மரம் என் பிள்ளை?

மணமேல்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மகளிர் குழு ஆண்டு விழா. பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி. யாழினி என்ற சின்னப் பெண் வாழைமரமாக வந்திருந்தாள். உடம்பு முழுக்க மட்டை, தலைக்கு மேலே நிஜ இலை, முகம் எங்கோ உள்ளே இருந்தது. அவளுடைய அப்பாவுக்குக் குவைத்தில் வேலை. இவள் பிறந்த பிறகு அவர் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்து போயிருக்கிறார். வேலைக்கு நடுவில் அனுமதி வாங்கிக்கொண்டு வீடியோ காலில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவள் அம்மா சுகன்யா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்றாள். மண்டபத்துக்குள் சிக்னல் இல்லை. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நான் வாழைமரம்" என்றாள் யாழினி. போனைப் பார்த்தாள். "அப்பா வந்துட்டாராம்மா?" என்று மைக்கில் கேட்டாள். "கொஞ்சம் பொறுங்க டீச்சர்" என்றாள் சுகன்யா. பொறுத்தேன். பின்னால் காத்திருந்த கலெக்டர்களும் டாக்டர்களும் அழ ஆரம்பித்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள், "நடுவருக்கு அவங்க சொந்தமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். வாழைமரத்தால் படி இறங்க முடியவில்லை, நான்தான் தூக்கி இறக்கிவிட்டேன். உள்ளே விசும்புகிற சத்தம் கேட்டது.

பரிசெல்லாம் கொடுத்து முடித்து, நாற்காலிகளை அடுக்கும்போது சுகன்யா ஓடிவந்தாள். "வாசல்ல லைன் கெடச்சிருச்சு டீச்சர்! அவரு காத்துக்கிட்டு இருக்காரு." யாழினியைத் தூக்கிக்கொண்டு நானும் வாசலுக்கு ஓடினேன். விழாவுக்காக அங்கே இரண்டு பக்கமும் நிஜ வாழைமரம் கட்டியிருந்தார்கள். நடுவில் இவளை நிறுத்தினோம். போனுக்குள்ளிருந்து, "மூணு மரம் தெரியுதே, இதுல எது எம்புள்ள?" என்று குரல் வந்தது. நடு மரம் துள்ளியது. மேடையில் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒரு வரி விடாமல் சொன்னாள். இலையில் சாப்பிடலாம், தண்டைப் பொரிக்கலாம், நாரில் பூத் தொடுக்கலாம் என்று கடகடவென்று சொல்லி, வணக்கமும் வைத்தாள். பந்தல்காரர்கள்கூட நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். போனுக்குள்ளிருந்து அவர் சொன்னார்: "ரெம்ப நல்லா இருந்துச்சு ஆத்தா. அந்த எலையக் கொஞ்சம் வெலக்கிட்டு இங்கிட்டுத் திரும்பு, ஒம் மூஞ்சியப் பாக்கத்தான் லீவு கேட்டு வந்தேன்."

இத்தனை விழாக்களுக்கு விசில் ஊதியதில் நான் கண்டது, 'அனைவரும் குடும்பத்தோடு வருக' என்று ஃபிளெக்ஸ் அடிக்கிற விழாக்களில் பெரியவர்களைப்போல நடந்துகொள்கிறவர்கள் குழந்தைகள் மட்டும்தான்.