ஈட்டிக்காரியால்தான் ஜெயிக்கிறாள்

எங்கள் கம்பெனி கேண்டீனை ஒட்டி ஒரு பொழுதுபோக்கு அறை உண்டு. ஒரு கேரம் போர்டு, பாதி காற்றுப் போன ஒரு ஃபுட்பால், சுவரில் ஒரு பெரிய டிவி, அதன் கீழே ஒரு வீடியோ கேம் பெட்டி. காலை ஷிஃப்ட் முடிந்து மணிமங்கலம் பஸ் கிளம்பும்வரை கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அங்கேதான் நான் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். திரையில் போடுகிற சண்டையைச் சொல்கிறேன். வெளியே போடுகிற சண்டையை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருந்ததில்லை.

இரண்டு பேர் நேருக்கு நேர் மோதும் ஆட்டம் அது. திரையில் வரிசையாக நிற்பவர்களில் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். என் ஆள் கையில் ஈட்டி வைத்திருக்கும் ஒருத்தி. முதல் நாள் பட்டன் தவறி அமுங்கி வந்தவள், அப்படியே என்னோடு ஒட்டிக்கொண்டாள். ஈட்டி நீளம் என்பதால் எட்ட நின்றே குத்தலாம். ஆரம்பத்தில் அவளை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் உதை வாங்கினேன். அப்போது ஈட்டியின் நீளத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் ஜெயிக்க ஆரம்பித்ததும்தான் எல்லாருக்கும் அது கண்ணில் பட்டது.

"இவ இன்னா ஆட்றா? ஈட்டிக்காரி ஆட்றா. இவ சும்மா பட்டன் அமுக்கிகினு கீறா" என்பார்கள்.

அசெம்ப்ளி லைனிலும் எனக்கு இதே கதைதான். வரிசையாக வரும் சர்க்யூட் போர்டில் ஸ்க்ரூ போடுவது என் வேலை. என் இடத்தில் போர்டு தேங்காது. அந்த ஸ்டேஷன் ஈஸி என்பார்கள். நான் லீவு போட்ட அன்று அங்கே போர்டு மலையாகக் குவிந்தால், இன்றைக்கு ஸ்க்ரூ டிரைவர் சரியில்லை என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த அறையில் மரியாதைக்குரிய ஆட்டக்காரர் என்றால் மெயின்டனன்ஸில் இருந்த ஓர் அண்ணன்தான், மண்ணூர்க்காரர். அவருடைய ஆள் ஒரு பயில்வான். குண்டு உடம்பு, மெதுவான நடை, கையில் ஆயுதம் எதுவும் கிடையாது. எதிராளியின் பக்கத்தில் போய்ப் பிடித்துத் தூக்கிப் போட்டால்தான் உண்டு. அப்படிப்பட்டவனை வைத்து ஜெயிப்பதால் அண்ணனிடம் இருப்பதுதான் உண்மையான திறமை என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் நன்றாகத்தான் ஆடினார், அதை மறுக்க எனக்கு வழியில்லை. அதுவே என் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகள் சேர்ந்து இந்த ஆட்டத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள். கம்பெனிக்கு ஒருவர்தான் போகலாம். எங்களுக்குள் நடந்த ஆட்டங்களில் கடைசியாக மிஞ்சியது அண்ணனும் நானும். நான் ஜெயித்தேன். ஒரு கைதட்டல்கூட இல்லை. "கேரக்டர் ஜெயிச்சிச்சி" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, அறையே சிரித்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. "ஆள மாத்திக்கினு ஒரு ஆட்டம் ஆடலாமாம்மா? அப்ப தெரிஞ்சிடும்ல" என்றார்.

நடுவராக நின்றவர் எங்கள் சூப்பர்வைசர், திருநெல்வேலிக்காரர். "நீ ஏற்கெனவே ஜெயிச்சாச்சு. இஷ்டம் இல்லன்னா வேண்டாம். ஆனா ஆடுதேன்னு சொல்லிட்டா, அதுல ஜெயிக்கிறவங்கதான் போவாங்க. என்ன சொல்லுத?" என்று கேட்டார்.

என் லைன் தோழி என் கையைக் கிள்ளினாள். "வேணாண்டி. ஜெயிச்சாச்சு, கம்முனு வந்துடு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளியே சொல்லாத இன்னொன்றும் இருந்தது. அவர்கள் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கே பயம். ஈட்டிக்காரியைத் தவிர வேறு யாரையும் நான் தொட்டதே இல்லை. அவளை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் ஏதாவது இருக்குமா? ஆனால் பின்னால் அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

"மாத்துங்க" என்றேன்.

முதல் சுற்றில் நான் நாறிப்போனேன். என் விரல்கள் இல்லாத ஈட்டியைத் தேடின. பயில்வான் காற்றில் கையை வீசிக்கொண்டு நிற்க, அண்ணன் எட்ட நின்று குத்திக் குத்தியே கதையை முடித்தார். அறை ஆர்ப்பரித்தது. தோழி தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே பஸ் டிரைவர் இஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

ஆனால் அந்தச் சுற்றில் ஒன்றைக் கவனித்திருந்தேன். நானாக இருந்தால் நிறுத்தியிருக்கும் இடத்தில் அண்ணன் நிறுத்தவில்லை, மேலும் ஒரு குத்து குத்தினார். நீட்டிய ஈட்டியைத் திரும்ப இழுக்கும்வரை அவளால் எந்த அடியையும் தடுக்க முடியாது. ஆரம்ப நாட்களில் நான் உதை வாங்கியதெல்லாம் அந்த இடைவெளியில்தான். அவளுடைய பலவீனம் எங்கே என்பது அந்த அறையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இரண்டாவது சுற்றில் நான் அவசரப்படவில்லை. குத்தைத் தடுத்தேன், காத்திருந்தேன். அவர் கூடுதலாகக் குத்திய நொடியில் உள்ளே புகுந்து பிடித்தேன். பயில்வான் அவளைத் தலைக்கு மேலே தூக்கித் தரையில் அடித்தான். எனக்கே பாவமாக இருந்தது. அந்தச் சுற்று எனக்கு.

மூன்றாவதில் இருவருக்கும் ஒரே ஓர் அடியில் போய்விடும் உயிர்தான் மிச்சம். வெளியே பஸ் ஹாரன் அடித்தது, யாரும் நகரவில்லை. அண்ணன் பின்வாங்கினார். நான் ஓரடி முன்னால் வைத்து நின்றேன். குத்துங்க அண்ணா, குத்துங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் குத்தினார். தடுத்தேன். அவர் இன்னொரு முறை குத்தினார். ஈட்டி காற்றில் நின்றது, நான் பிடித்துவிட்டேன்.

இப்போதாவது ஒப்புக்கொள்வார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"பயில்வான் இவ்ளோ ஸ்ட்ராங்கா? இத்தினி நாளா தெர்லயே!" என்றான் ஒருவன். "செம்ம கேரக்டர்டா. நாளைக்கு நானும் அதத்தான் எடுக்கப் போறேன்" என்றான் பக்கத்தில் இருந்தவன். சொல்லிக்கொண்டே எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த ஜென்மங்களோடு இனி என்ன ஆடி என்ன ஆகப்போகிறது?

அண்ணன் மட்டும் எழுந்திருக்கவில்லை. ரிமோட்டைக் கையில் வைத்தபடி, கீழே விழுந்து கிடந்த ஈட்டிக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கிட்ட வந்துட்டா இவளால ஒண்ணியும் பண்ண முடிலயேமா. இவள வெச்சிக்கினா இத்தினி நாளா என்னை அடிச்ச?"

"ஆமாண்ணா" என்றேன். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.