அறுபது கிலோ சீட்டு

எண்ணூர்ப் பக்கம் ஒரு நிலக்கரி யார்டு. அங்கே லாரி எடை மேடைக்கான புரோகிராம் எங்கள் கம்பெனியுடையது. திரையில் பட்டன், விண்டோ வரைந்து தரும் மென்பொருளின் புதிய பதிப்பு ஆபீசில் இருந்தது. மேடைக் கேபின் கம்ப்யூட்டர் பழைய பதிப்பைத்தான் தாங்கும். ஒரே புரோகிராமை இரண்டிலும் ஓடவைப்பது என் வேலை.

தொண்ணூறுகளின் கடைசியில் அங்கிருந்து புகார் வந்தது. லாரி இறங்கிப் போன பிறகு, யாரும் தொடாமலே இன்னொரு எடைச் சீட்டு அச்சாகிறது. எடை ஐம்பது, அறுபது கிலோ. ஆபரேட்டர் கள்ளச் சீட்டு போடுகிறார் என்றார் மேனேஜர். காரணம் தெரியாவிட்டால் அவரை நிறுத்திவிடுவாராம்.

ஆபரேட்டருக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் அவருடைய அண்ணன். அதே மேடையில் லாரி மோதி இறந்தவர்.

"அண்ணன் அறுபது கிலோ சார்," என்றார் ஆபரேட்டர், நான் கேபினுக்குப் போன அன்று.

ஜன்னலில் ஒரு டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா மாமு, உங்கண்ணன் இன்னிக்கு வந்தாரா?"

"வந்தாரு. உன் லோடுல பாதி கல்லு கீதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

மேடையில் நின்ற அந்த டிரைவரின் லாரிக்கு ஆபரேட்டர் என்டர் தட்டினார். சீட்டு மெதுவாக வந்தது. லாரி இறங்கியது, அதன் கிளீனர் சீட்டு வாங்க மேடை மேலேயே நடந்து வந்தான். இரண்டாவது சீட்டு வந்தது.

பழைய பதிப்பில், என்டர் தட்டிய செய்தி முதலில் பட்டனுக்குப் போகும். வேலை முடிந்தது என்று பட்டன் சொல்லாவிட்டால், அதே செய்தி விண்டோவுக்கும் ஏறும்; விண்டோ மறுபடி எடை எடுக்கும். பட்டனை அப்படிச் சொல்லவைக்கும் வரி புதிய பதிப்புக்குத் தேவையில்லை என்பதால் புரோகிராமில் அது இல்லை. முதல் சீட்டு மெதுவாக அச்சாகி முடிவதற்குள் லாரி இறங்கிவிடுகிறது, மேடையில் கிளீனர் நிற்கிறான்; இரண்டாவது சீட்டில் அவன் எடை.

சொன்னேன். அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளீனரே இல்லாத வண்டிக்கும் ஒரு தபா வந்துச்சே சார்?"

நான் புரோகிராமைத் திறந்தேன்.

"இத்த சரி பண்ணிட்டா இனிமே வராதா?"

"வராது."

வெளியே சாம்பல் காற்றில் ஒரு லாரி மேடையேறக் காத்திருந்தது.

"பண்ணிடு சார். புள்ளைங்க கீதுங்க."

வரியைச் சேர்த்தேன். அந்த லாரிக்கு ஒரே சீட்டு வந்தது. கிழித்துக் கொடுத்தார். லாரி போய்விட்டது. அவர் பிரிண்டரின் வாயருகே உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். அடுத்த வண்டி ஹாரன் அடித்த பிறகும் எடுக்கவில்லை.