தாடிக்காரர் வாங்கிய கத்தி

கத்தியை விரித்து, உள்ளங்கையில் கிடத்தி, கண்ணை மூடி எடை பார்த்தார் சக்கரபாணி. மடக்கினார். மறுபடி விரித்தார். தை மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் தேரடி வீதியில் தசரதனின் இரும்புச் சாமான் கடையில் இதுதான் நடந்துகொண்டிருந்தது.

“இன்னாப்பா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்கற? பிளேடு செட்டு ஒண்ணு வாங்கினு போயேன். ஊரே அதுலதான் செரைக்குது” என்பார் தசரதன்.

“அது சும்மா மேலாக்க சொறிஞ்சிட்டுப் போவும்ண்ணே. எனக்கு இருக்கறது தாடியா, காடு.”

காடுதான். நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேர்க்கடலை மண்டியில் எடை போடுகிறவர் சக்கரபாணி. கையால் தூக்கிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். மனைவி கொடுக்கும் தூக்குச்சட்டியைக்கூட ஒரு தரம் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் மாட்டுவார். மண்டியில் பறக்கும் புழுதியெல்லாம் அந்தத் தாடியில் குடியிருந்தது. எடுக்க முடியாது. மனைவி உண்ணாமலை முழுகாமல் இருந்தாள். அப்படி இருக்கும்போது கணவன் முகத்தில் கத்தி படக்கூடாது, மலையும் ஏறக்கூடாது. கார்த்திகை தீபத்துக்கு ஊரே மலையேறியபோது இவர் அடிவாரத்தில் அண்ணாந்து கும்பிட்டதோடு சரி. உண்ணாமலைக்கு இது மூன்றாவது. முன்னிரண்டும் தங்கவில்லை.

இரண்டாவது போன பிறகு தாடியை எடுக்க வேணுவின் முடிதிருத்தும் கடைக்குப் போனார். வேணு நல்ல மனுஷர். விஷயம் தெரியாமல், நுரை போட்டுக்கொண்டே, “தாடிய எடுக்க வந்துட்டீங்க, அப்ப நல்ல சேதிதான். இன்னா கொழந்த?” என்று சிரித்துக் கேட்டுவிட்டார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கண்ணாடியில் தெரிந்த நுரை முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சக்கரபாணி.

அதனால்தான் சொந்தக் கத்தி. நல்லதோ கெட்டதோ, இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டு தானே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார். வெளியே கேட்டால், “கடைக் கத்தி ஊருக்கெல்லாம் போடற கத்தி, சுத்தமில்ல” என்பார்.

சாமான்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பிரஷைப் புறங்கையில் தேய்த்துத் தேய்த்துப் பொறுக்கினார். படிகாரக் கல்லை நாக்கில் வைத்து முகம் சுளித்து, அசல்தான் என்று திருப்திப்பட்டார். கத்தி தீட்டும் தோல்வாரை ஜன்னல் கம்பியில் மாட்டி, கத்தியே இல்லாமல், கரண்டிக் காம்பால் தீட்டிப் பழகினார். எல்லாம் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போயிற்று. கத்திதான் அமையவில்லை. ஒன்று கனம், ஒன்று லேசு, ஒன்றுக்கு ஆணி ஆடியது.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை அமைந்தது. கொம்புப் பிடி போட்ட கத்தி. “இது சரியா இருக்குதுண்ணே” என்று அவர் சொன்னதுதான் தாமதம், கூர் காட்டுகிறேன் என்று தசரதன் அதை வாங்கினார். ஒரு முடியை அறுத்துக் காட்டுவது கடை வழக்கம். தசரதன் தலையோ வழுக்கை. கை தன் பாட்டுக்கு நீண்டு, எதிரே தொங்கிய தாடியில் ஒரு முடியை இழுத்துப் பிடித்துச் சட்டென்று அறுத்துவிட்டது.

“பாத்தியா, வெண்ண மாதிரி...” என்றவர், சக்கரபாணி முகத்தைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அண்ணாமலையாரே! மறந்துட்டம்பா, சத்தியமா மறந்துட்டேன்.”

சக்கரபாணி கத்தியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் சோறு இறங்கவில்லை. மண்டியில் எடையைத் தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகப் பை கட்டிக்கொண்டிருந்த உண்ணாமலை, “ஏங்க, உடம்புக்கு இன்னா?” என்று கேட்டதுதான், பெட்டியை இழுத்து எல்லாவற்றையும் அவள் முன்னால் பரப்பிவிட்டார். அறுந்த முடியைச் சொன்னார். வேணு கேட்டதையும், கதவைச் சாத்திக்கொள்ள நினைத்ததையும் சொன்னார்.

உண்ணாமலை பிரஷை எடுத்து விரலால் நீவிப் பார்த்தாள். பயம் அவளுக்கும் உண்டு.

“அந்த ஒத்த முடியிலயா தொங்கினு இருக்குது என் புள்ள?” என்றாள் கடைசியில். சொல்லிவிட்டுச் சிரித்தாள். “காலைல இருந்து ஒதைச்சினு கெடக்குது. கதவ சாத்தினு எடுக்கவா இத்தன தேடித் தேடி வாங்கினீங்க? ஆஸ்பத்திரியிலயே எடுங்க. புள்ள மொத மொதல்ல பாக்கற மூஞ்சி கரடி மாதிரியா இருக்கணும்?”

கத்தி, பிரஷ், படிகாரம் எல்லாவற்றையும் அள்ளி, பைக்குள் குழந்தைக்கென்று துவைத்து மடித்திருந்த பழைய வேட்டித் துணிகளின்மேல் வைத்தாள்.

சக்கரபாணி பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை மட்டும் வெளியே எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் அதை நன்றாகச் சுற்றி, குழந்தைத் துணியில் உராயாதபடி, பையின் ஓரமாகச் செருகினார்.