ஊசி அசையாத மத்தியானம்

எங்கள் வீட்டுக்குக் கீழே எரிமலை இருக்கிறது என்று நம்பியவன் நான். சிரிக்க வேண்டாம், என்னிடம் ஆதாரம் இருந்தது. அரியலூர்ப் பக்கம் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்க, சுட்ட கல்லைத் தொட்டியில் போட்டுச் சித்தப்பா தண்ணீர் ஊற்றுவார். அடுப்பில்லாமல், நெருப்பில்லாமல் கொதகொதவென்று கொதிக்கும். ஒரு தொட்டிக் கல்லே இந்தப் பாடு படுத்தினால், ஊருக்கடியில் கிடக்கும் மொத்தக் கல்லிலும் தண்ணீர் இறங்கினால்? நான்காம் வகுப்புக்கு அவ்வளவு விஞ்ஞானம் போதாதா?

அந்தச் சமயம் பார்த்துத்தான் பெட்டி வந்தது.

ஊரை ஒட்டிய குவாரியில் தினமும் மத்தியானம் சங்கு ஊதிவிட்டு வெடி வைப்பார்கள். சங்கு கேட்டதும் அம்மா சமையல்கட்டுக்கு ஓடி அடுக்குப்பானையைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். பானை தப்பியது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த மண்சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. சித்தப்பா மனுமேல் மனு போட்டு, நடுக்கத்தை அளக்க ஓர் ஆபீசரை வரவழைத்தார். ஊசி எகிறினால் வெடிமருந்தைக் குறைக்கச் சொல்வார்கள், சுவர் பிழைக்கும் என்பது கணக்கு.

பெட்டிக்குள் காகிதம் சுற்றிய உருளை, அதன்மேல் ஊசி. பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார்: "ஜப்பான்ல எரிமலைக்குப் பக்கத்துல இந்த மாதிரி பொட்டிய வச்சிக்கிட்டு உக்காந்திருப்பான். ஊசி கிறுக்க ஆரம்பிச்சா ஊரையே காலி பண்ணிடுவான்."

அவ்வளவுதான். காலையிலிருந்து நான் ஒன்றுக்குப் போகவில்லை. என்னால் ஒரு சொட்டுகூடப் பூமிக்குள் இறங்கிவிடக் கூடாது. வாய் கொப்பளித்துத் துப்பிய தங்கச்சியின் தலையில் ஒரு குட்டு. பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் போன அம்மாவின் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

"ஏன்டா, பேய் புடிச்சிருச்சா ஒனக்கு?"

மத்தியானம் தெருவே மூச்சு விடவில்லை. உலக்கை, அம்மி எல்லாம் நிறுத்தம். நான் மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளிக்கொண்டிருந்தேன். ஊசியும் கூடவே துள்ளியது.

"யாருப்பா அது குதிக்கிறது? பேப்பர் வீணாவுது!" என்றார் ஆபீசர்.

சித்தப்பா என் தோளை அழுத்திப் பிடித்தார். "நில்லுடா! ஒன் நடுக்கத்த அளக்கவா சார் வந்திருக்காரு?"

சங்கு ஊதியது. அம்மா உள்ளே ஓடினாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

டொப்.

தென்னையிலிருந்து ஒரு காய் விழுந்தால்கூட அதைவிடச் சத்தம் வரும். ஊசி சோம்பல் முறித்துவிட்டு அடங்கியது. நான் வேலியோரம் பாய்ந்து, காலையிலிருந்து கட்டிக்காத்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டபடியே கத்தினேன்: "ஒண்ணும் ஆவலம்மா! தப்பிச்சோம்!"

யாரும் சிரிக்கவில்லை.

"தெனம் இப்பிடி இல்லீங்க சார்," என்றார் சித்தப்பா. "நேத்து வந்திருந்தா நீங்களே பானையப் புடிச்சிருப்பீங்க."

"ஊசி காட்டுனதத்தாங்க நான் எழுத முடியும்."

ஊரே பிழைத்த நாளில் இவர்கள் ஏன் இப்படி மூஞ்சியைத் தொங்கப் போடுகிறார்கள் என்று எனக்கு எரிச்சல்.

பெட்டி வரும் நாள் குவாரிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அன்றைக்கு மட்டும் மருந்தைக் குறைத்தார்கள். மறுநாள் வழக்கம்போல வைத்தார்கள். அம்மா கிணற்றடியில் இருந்தாள். சுவர் பானைகளின்மேல் விழுந்தது.